ஐந்தாம் பரிமாணத்தைக் கற்கத் தொடங்குவோருக்கு: படிக்கும் வரிசை, ஆகும் காலம், ஆகும் செலவு

இயற்பியலில் முதுகலை முடித்துப் பதினொரு ஆண்டுகள் கழித்து, கல்லூரியில் பாடம் நடத்தியது போக மிஞ்சிய மாலை நேரங்களில், நீளம், அகலம், உயரம், காலம் ஆகிய நான்குக்கும் மேலே கூடுதல் பரிமாணங்கள் இருக்கலாம் என்னும் கோட்பாடுகளை முறையாகக் கற்க முனைந்தேன். அதற்கு 14 மாதங்கள் பிடித்தன. தவறான இடத்தில் தொடங்கியதாலும், வரிசை தப்பிப் படித்ததாலும், ஒரு குறியீட்டுக் குழப்பத்தை அறியாமலே சுமந்து திரிந்ததாலும் அவற்றில் ஐந்து மாதங்கள் வீணாயின. வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கீழே சொல்லும் வரிசையில் நீங்கள் எட்டு அல்லது ஒன்பது மாதங்களில் முடித்துவிடலாம். முடித்தபின் உங்களால் செய்யக்கூடியது இதுதான்: 1998, 1999 ஆண்டுகளில் வெளிவந்து இத்துறையின் போக்கை மாற்றிய கட்டுரைகளைப் பென்சிலோடு வாசித்து, அவற்றின் முக்கியச் சமன்பாடுகளை நீங்களே வருவித்துக்காட்டலாம். புதிய ஆய்வு செய்யும் தகுதி இதனால் மட்டும் வந்துவிடாது.

1. கையிருப்பைச் சரிபாருங்கள் (இரண்டு வாரம்)

ஃபூரியர் தொடர், சிறப்புச் சார்பியலின் நான்கு-திசையன்கள், லாக்ராஞ்சியனிலிருந்து இயக்கச் சமன்பாட்டை வருவித்தல், பெட்டிக்குள் அடைபட்ட துகளின் குவாண்டம் ஆற்றல் நிலைகள் ஆகிய நான்கும் கைவசம் இருந்தால் உடனே தொடங்கிவிடலாம். பொதுச் சார்பியல் முதல் மூன்று மாதங்களுக்குத் தேவையே இல்லை. குவாண்டம் புலக் கோட்பாட்டில் கிளைன்-கோர்டன் சமன்பாடும் டிராக் சமன்பாடும் தெரிந்திருந்தால் போதும்.

உங்களைச் சோதித்துக்கொள்ள ஒரு சிறு கணக்கு: ஒற்றைப் பரிமாணப் பெட்டியில் உள்ள துகளுக்கு, பெட்டியின் நீளத்தைவிட மிகமிகச் சிறிய ஆரமுள்ள ஒரு வட்டத்தையும் கூடுதல் திசையாகக் கொடுத்து, ஆற்றல் நிலைகளைக் கண்டுபிடியுங்கள். பழைய நிலைகள் அப்படியே இருப்பதையும், புதியவை மிக உயர்ந்த ஆற்றலில்தான் தலைகாட்டுவதையும் அரைப் பக்கத்தில் காட்ட முடிந்தால், கூடுதல் பரிமாணம் இருந்தும் ஏன் கண்ணில் படாமல் போகலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

பலர் விழும் முதல் குழி இங்கேதான் இருக்கிறது. கூடுதல் பரிமாணம் என்றதும், துகள்களை நுண்ணிய சரங்களின் அதிர்வுகளாகப் பார்க்கும் சரக் கோட்பாட்டுக்கே நேராகப் போய்விடுகிறார்கள். நானும் போனேன். அங்கே 10 பரிமாணங்கள், எம்-கோட்பாட்டில் 11, போசான் சரத்தில் 26 என எண்கள் வந்து விழும். அவை ஏன் வருகின்றன என்பதைப் புரிந்துகொள்ள முதலில் சரத்தைக் குவாண்டமாக்கக் கற்க வேண்டும், அதற்குள் ஓராண்டு ஓடிவிடும். கூடுதல் பரிமாணத்தின் இயற்பியலைக் கற்க ஒரே ஒரு வட்டம் போதும்.

2. குறிமுறைத் தாள் ஒன்று எழுதுங்கள் (ஒரு மாலை)

எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுங்கள். காலவெளியில் தூரத்தை அளக்கும் மெட்ரிக்கில் காலத்துக்குக் கூட்டல் குறியா, கழித்தல் குறியா? ஈர்ப்பின் வலிமையைக் காட்டும் பிளாங்க் நிறை என்று கட்டுரையாளர் சொல்வது 1.22 × 10¹⁹ ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டா, அல்லது எட்டு பையின் (8π) வர்க்கமூலத்தால் வகுத்த 2.4 × 10¹⁸ ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டா? கூடுதல் பரிமாணத்தின் அளவு என்று அவர் குறிப்பது வட்டத்தின் ஆரத்தையா, சுற்றளவையா? பரிமாணங்களை எண்ணும்போது காலத்தையும் சேர்த்து எண்ணுகிறாரா?

அற்பமாகத் தோன்றும் இந்தத் தாளை எழுதாமல் விட்டதால் நான் எவ்வளவு காலத்தை இழந்தேன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன். இப்போது என் மேசையில் கட்டுரைக்கு ஒன்றாக இப்படிப்பட்ட தாள்கள் 23 இருக்கின்றன.

3. ஒரு வட்டம், ஒரு புலம் (நான்கு வாரம்)

நமக்குப் பழக்கமான நான்கு பரிமாணக் காலவெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு வட்டம் ஒட்டியிருப்பதாகக் கொள்ளுங்கள். இந்த ஐந்து பரிமாண வெளியில் நிறையற்ற ஒரு ஸ்கேலார் புலத்தை வையுங்கள். வட்டத்தை ஒரு முறை சுற்றி வந்தால் புலம் பழைய மதிப்புக்கே திரும்ப வேண்டும் என்பதால், ஐந்தாம் திசையில் அதை ஃபூரியர் தொடராக விரிக்கலாம். விரித்ததை அலைச் சமன்பாட்டில் இட்டால், ஒவ்வொரு ஃபூரியர் கெழுவும் நான்கு பரிமாணத்தில் தனித்தனிக் கிளைன்-கோர்டன் சமன்பாட்டுக்குக் கட்டுப்படும்; அதன் நிறை, ஒரு முழு எண்ணை வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. ஐந்தாம் திசையில் துகளுக்குள்ள உந்தம்தான், அந்தத் திசையைப் பார்க்க முடியாத நமக்கு நிறையாகத் தெரிகிறது. இந்த நிறை ஏணிக்குக் கலுசா-கிளைன் கோபுரம் என்று பெயர். இத்துறையில் நீங்கள் படிக்கப்போகும் ஏறக்குறைய அனைத்தும் இந்த ஒரு கணக்கின் விரிவாக்கமே என்பதால், இதைப் புத்தகம் பார்க்காமல் மூன்று முறையாவது எழுதிப் பாருங்கள்.

அடுத்து அலகு மாற்றத்தைப் பழகுங்கள். ஆரத்தை மீட்டரில் வைத்துக்கொண்டு 1.97 × 10⁻⁷ என்ற எண்ணை அதனால் வகுத்தால், ஏணியின் முதல் படி எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். 30 மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு முதல் படி 0.0066 எலக்ட்ரான்வோல்ட், 10⁻¹⁹ மீட்டர் ஆரத்துக்கு ஏறத்தாழ 2 டெரா எலக்ட்ரான்வோல்ட். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், ஏழாம் படியில் இரண்டுமே திரும்ப வரும்.

வட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. நாமறிந்த துகள்களில் இடக்கை எலக்ட்ரானும் வலக்கை எலக்ட்ரானும் வலுக்குறைந்த விசைக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஐந்து பரிமாணத்தில், நான்கு பரிமாணத்தில் இந்தக் கைமையைப் பிரித்துக்காட்ட உதவிய ஐந்தாம் காமா அணியே ஐந்தாம் திசைக்கான காமா அணியாக மாறிவிடுவதால், இடம் வலம் என்று பிரிக்க வழியில்லாமல் போகிறது. வட்டத்தின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மடித்து ஒன்றாக்கி, இரண்டு முனைகள் கொண்ட கோட்டுத்துண்டாக மாற்றுவதே இதற்கு வழக்கமான தீர்வு, ஆர்பிஃபோல்டு என்பார்கள். மடித்தபின் ஒவ்வொரு புலமும் இரட்டைச் சார்பாகவோ ஒற்றைச் சார்பாகவோதான் இருக்க முடியும். ஒற்றைச் சார்புகளுக்கு நிறையற்ற நிலை கிடையாது, ஆகவே வேண்டாத கையை இப்படி வெளியேற்றிவிடலாம். பல விரிவுரைகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடும். நீங்கள் ஒரு வாரம் செலவிடுங்கள்.

4. ஈர்ப்பு நீர்த்துப்போகும் கணக்கு (மூன்று வாரம், எனக்கு ஏழு)

வாய்க்காலில் ஒரு சொட்டு நீலத்தைவிட்டால், முதலில் அது எல்லாத் திசையிலும் பரவும். இரு கரைகளையும் தொட்டபின் நீளவாக்கில் மட்டுமே பரவும். ஈர்ப்பு விசைக்கோடுகளும் அப்படித்தான். கூடுதல் பரிமாணத்தின் அளவைவிடச் சிறிய தூரங்களில் அவை எல்லாத் திசைகளிலும் பரவுவதால், ஒரு கூடுதல் பரிமாணம் இருந்தால் விசை தூரத்தின் மும்மடிக்கும், இரண்டு இருந்தால் நான்மடிக்கும் எதிர்விகிதமாகக் குறையும். பெரிய தூரங்களில் பழைய வர்க்க எதிர்விகித விதியே திரும்பிவிடும். காஸ் விதியைக் கொண்டு இதை வருவியுங்கள். நான்கு வெளிப் பரிமாணங்களில் கோளத்தின் புறப்பரப்பு இரண்டு பை வர்க்கம் பெருக்கல் ஆரத்தின் கனம் என்பது மட்டும் புதிதாகத் தேவைப்படும்.

இரண்டு எல்லைகளையும் பொருத்தினால் ஒரு உறவு கிடைக்கும்: நாம் அளக்கும் பிளாங்க் நிறையின் வர்க்கம், ஈர்ப்பின் உண்மையான அடிப்படை நிறையின் ஓர் அடுக்கையும் கூடுதல் வெளியின் கன அளவையும் பெருக்கியதற்குச் சமம், அந்த அடுக்கு, கூடுதல் பரிமாணங்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டியது. 1998இல் அர்கனி-ஹமேத், டிமோபூலோஸ், துவாலி ஆகிய மூவரும் இந்த உறவை வைத்துத்தான், அடிப்படை நிறை வெறும் 1 டெரா எலக்ட்ரான்வோல்ட்டாக இருந்தும் கூடுதல் வெளி பெரிதாக இருப்பதால் ஈர்ப்பு நமக்குப் பலவீனமாகத் தெரியலாம் என்று வாதிட்டார்கள். ஒரே ஒரு கூடுதல் பரிமாணம் என்றால் அதன் அளவு சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்துக்குக் குறையாமல் வந்துவிடும் என்பதால் அது அப்போதே தள்ளுபடி. இரண்டு என்றால் மில்லிமீட்டரை ஒட்டி வரும்.

மில்லிமீட்டரை ஒட்டி என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு கூடுதல் பரிமாணங்களுக்கு என் விடை 2.4 மில்லிமீட்டர். ஒரு விரிவுரையின் குறிமுறைப்படி வரவேண்டியதோ 0.076 மில்லிமீட்டர். முப்பது மடங்குக்கும் மேலான வித்தியாசம். காஸ் விதியில் பிழையா, அலகில் பிழையா என்று நான்கு வாரங்கள் தேடினேன். ஐம்பது பக்கங்களுக்கு மேல் கிறுக்கியபின், இரண்டு விடைகளையும் ஒன்றால் மற்றொன்றை வகுத்துப் பார்த்தேன்: 31.5. எட்டு பையின் வர்க்கமூலமான 5.01ஐ இரண்டு பையான 6.28ஆல் பெருக்கினால் அதே 31.5. நான் முழுப் பிளாங்க் நிறையையும் சுற்றளவையும் எடுத்திருந்தேன். விரிவுரையாளர் சுருக்கிய பிளாங்க் நிறையையும் ஆரத்தையும் எடுத்திருந்தார். இருவர் கணக்கிலும் பிழையே இல்லை. உங்கள் விடை எதனோடாவது ஒத்துவராவிட்டால், பிழை தேடும் முன் வகுத்துப் பாருங்கள். ஈவு பையின் ஏதாவது ஒரு மடங்காகவோ அடுக்காகவோ வந்தால் குறிமுறைத் தாளுக்குத் திரும்புங்கள்.

இந்தப் படியை முடிக்கும் முன் இன்னொரு கணக்கையும் போட்டுவிடுங்கள். 0.076 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரண்டு பரிமாணங்களில், ஈர்ப்பைச் சுமக்கும் துகளான கிராவிட்டானின் ஏணியில் 1 டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்குள் அடங்கும் படிகள் எத்தனை? ஒரு திசையில் ஏறத்தாழ 4 × 10¹⁴. இரண்டு திசைகளையும் சேர்த்தால் 10²⁹ஐத் தாண்டும். ஒவ்வொரு கிராவிட்டானும் தனியே நோஞ்சான், ஆனால் இந்தக் கூட்டம் முழுவதும் சேர்ந்தால் மோதல் கருவிகளில் தென்படும் அளவுக்கு வலுப்பெறும். ஈர்ப்பைத் துகள் மோதல்களில் ஏன் தேடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான்.

5. எந்த ஆவணத்தை எப்போது எடுப்பது

மேலே சொன்ன மூன்றாம், நான்காம் படிகளுக்குத் துணையாக ஸ்வீபாக் எழுதிய இளநிலை மாணவர்க்கான சரக் கோட்பாட்டு நூலின் இரண்டாம், மூன்றாம் இயல்களை மட்டும் வாசியுங்கள். அந்நூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. நூலகத்தில் கிடைத்தால் வாங்கவும் வேண்டியதில்லை.

அதன்பின், ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் (arXiv) தளத்துக்குச் செல்லுங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் டாசி கோடைப் பள்ளியின் விரிவுரைகள் இத்துறைக்கு வாய்த்த வரம். செங் 2009இல் அங்கே நிகழ்த்திய அறிமுக விரிவுரை (எண் 1003.1162) முதலில், சாபா சாகி எழுதியது (ஹெப்-பிஎச் பிரிவு, 0404096) இரண்டாவது, ஏனெனில் அவர் நான்கு பரிமாண மாறிலிகளையும் ஐந்து பரிமாண மாறிலிகளையும் பொருத்தும் வேலையை அவசரப்படாமல் செய்துகாட்டுகிறார், ராமன் சுந்தரம் 2004இல் நிகழ்த்தியது (ஹெப்-டிஎச் பிரிவு, 0508134) மூன்றாவது. சுந்தரத்தின் விரிவுரை மூன்றிலும் அழகானது, ஆனால் முதலில் எடுத்தால் அதன் எளிமை ஏமாற்றிவிடும். எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், பென்சிலை எடுத்தால் கை ஓடாது.

மூலக் கட்டுரைகளைத் தேடும்போது பதிப்பகத்தின் பக்கம் பணம் கேட்டால் கட்டிவிடாதீர்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து இத்துறையில் வந்த கட்டுரைகள் ஏறக்குறைய அனைத்தும் ஆர்க்கைவில் இலவசமாக உள்ளன. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் இன்ஸ்பயர் தரவுத்தளத்தில் இட்டால் ஆர்க்கைவ் எண் அங்கேயே கிடைக்கும். ஒரு கட்டுரைக்குப் பல திருத்தப் பதிப்புகள் இருக்கலாம், கடைசிப் பதிப்பையே இறக்குங்கள். முதல் பதிப்பில் இருந்த ஒரு குறிப்பிழையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

6. வளைந்த பரிமாணம் (மூன்று மாதம்)

இங்கே பொதுச் சார்பியல் தேவைப்படும். ஷான் கரோலின் 1997ஆம் ஆண்டு விரிவுரைக் குறிப்புகள் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கின்றன. மெட்ரிக், கிறிஸ்டோஃபெல் குறியீடுகள், ரிச்சி டென்சர், ஐன்ஸ்டைன் சமன்பாடு வரை ஒன்றரை மாதம் படியுங்கள், கருந்துளைகளையும் ஈர்ப்பு அலைகளையும் விட்டுவிடலாம்.

பிறகு 1999இல் லிசா ராண்டாலும் சுந்தரமும் எழுதிய முதல் கட்டுரையை எடுங்கள். அவர்களுடைய வெளியில் ஐந்தாம் திசையில் நகர நகர, நான்கு பரிமாண நீளங்களை அளக்கும் கோல் அடுக்குக்குறி வேகத்தில் சுருங்கிக்கொண்டே போகிறது. வளைவின் அளவையும் கோட்டுத்துண்டின் நீளத்தையும் பெருக்கினால் வெறும் 35 வந்தால் போதும். அந்த அடுக்கு பிளாங்க் நிறையை 1.5 டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறக்கிவிடும். 35க்குப் பதில் 37 இட்டுப் பாருங்கள், 0.2 டெரா எலக்ட்ரான்வோல்ட் ஆகிவிடும். முந்தைய மாதிரியில் மில்லிமீட்டர் அளவிலான வெளி செய்த வேலையை இங்கே ஓர் இரண்டிலக்க எண் செய்கிறது.

சரிபார்த்துக்கொள்ள ஒரு எண் தருகிறேன். பிரேன்கள் எனப்படும் நான்கு பரிமாணப் படலங்கள் இருக்கும் இரு முனைகளையும் தவிர்த்து மற்ற இடங்களில் ரிச்சி ஸ்கேலாரைக் கணித்தால், வளைவு அளவின் வர்க்கத்தைப்போல 20 மடங்கு வரவேண்டும். காலத்துக்குக் கழித்தல் குறி தரும் மெட்ரிக்கில் அது கழித்தல் 20. கூட்டல் குறி தரும் மெட்ரிக்கில், ரீமான் டென்சரின் வரையறையை மாற்றாதவரை, கூட்டல் 20. குறி மாறிவிட்டதே என்று கலங்க வேண்டாம், அந்தக் குறிமுறைத் தாளை எடுங்கள். முனைகளில், அடுக்கில் இருக்கும் மட்டுச் சார்பின் (குறி நீக்கிய மதிப்பின்) இரண்டாம் வகைக்கெழுவிலிருந்து டெல்டா சார்புகள் முளைக்கும். அவையே பிரேன்களின் இழுவிசையை நிர்ணயிக்கின்றன. இரண்டாம் பிரேனின் இழுவிசை எதிர்க்குறியில் வருவது உங்கள் பிழையன்று.

இந்த வெளியில் கிராவிட்டான் ஏணியின் படிகள் சம இடைவெளியில் இருப்பதில்லை. அவை பெசல் சார்பின் சுழிகளான 3.83, 7.02, 10.17 ஆகியவற்றின் விகிதத்தில் அமைகின்றன. முதல் படி 4 டெரா எலக்ட்ரான்வோல்ட் என்றால் இரண்டாவது 8இல் இல்லாமல் 7.3இல் இருக்கும். கோட்டுத்துண்டின் நீளம் ஏன் அந்தக் குறிப்பிட்ட மதிப்பில் நிற்கிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதற்கு அதே 1999இல் கோல்ட்பெர்கரும் வைஸும் தந்த விடையை இந்தச் சுற்றில் மேலோட்டமாகப் பார்த்தால் போதும்.

7. சோதனை வரம்புகளை வாசித்தல் (ஒரு மாதம்)

இதுவரை ஒரு கூடுதல் பரிமாணமும் எந்தச் சோதனையிலும் தென்படவில்லை. நீங்கள் வாசிக்கப்போவது எல்லாம் வரம்புகளைத்தான். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசைக் கொண்டு 2020இல் வெளியிட்ட அளவீட்டில், 52 மைக்ரோமீட்டர் இடைவெளிவரை ஈர்ப்பின் வர்க்க எதிர்விகித விதி பிசகவில்லை. அதிலிருந்து, மிகப் பெரிய ஒற்றைக் கூடுதல் பரிமாணத்தின் ஆரம் 30 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். புதிதாக வருவோர் இந்த எண்ணைப் பார்த்ததும், 30 மைக்ரோமீட்டர் அளவில் ஒரு பரிமாணம் இருந்தால் ஒளியும் எலக்ட்ரானும் அதில் நுழையாதா என்று குழம்புகிறார்கள். அந்த வரம்பு ஈர்ப்பு மட்டும் புகக்கூடிய பரிமாணத்துக்கு உரியது. எலக்ட்ரானும் புகுமானால், ஐந்தாம் திசை உந்தம் 0.0066 எலக்ட்ரான்வோல்ட் படிகளில் ஏற ஏற, எலக்ட்ரானின் சற்றே கனத்த நகல்கள் வரிசையாக இருந்திருக்கும், வேதியியலே வேறாகியிருக்கும். அத்தகைய பரிமாணம் 10⁻¹⁹ மீட்டர் வரிசையில்தான் ஒளிந்திருக்க முடியும்.

விண்மீன்களிலிருந்து வரும் வரம்புகளையும் விட்டுவிடாதீர்கள். 1987இல் வெடித்த சூப்பர்நோவாவின் ஆற்றல் கூடுதல் பரிமாணங்களுக்குள் கசிந்திருந்தால், பூமியில் பதிவான நியூட்ரினோ அலை விரைவில் அடங்கியிருக்கும். இரண்டு பரிமாணங்களுக்கு இந்த வாதம் அடிப்படை நிறையைப் பல பத்து டெரா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேலே தள்ளிவிடுகிறது. சமமான இரண்டு பரிமாணங்களோடு 1 டெரா எலக்ட்ரான்வோல்ட் என்ற தொடக்ககால நம்பிக்கை முடிந்துபோன கதை. அதை இன்னும் நடப்புச் செய்தியாகச் சொல்லும் காணொளிகளை நம்பி நேரத்தைச் செலவிடாதீர்கள். மைக்ரோமீட்டர் அளவிலான ஒற்றைப் பரிமாணம் என்ற எண்ணம் மட்டும், மொன்தேரோ, வாஃபா, வலென்சுவேலா ஆகியோர் 2022இல் முன்வைத்த இருண்ட பரிமாணம் என்ற கருத்தின் வழியே மறுபடி பேச்சுக்கு வந்திருக்கிறது.

8. செலவு

மூன்று விரிவுரைகளையும் கரோலின் குறிப்புகளையும் எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒரு ரூபாய் வீதம் அச்சிட்டுச் சுருள் கட்டுப் போட்டதில் 600 ரூபாய்க்குள் முடிந்தது. கோடில்லாத நோட்டுகள் ஒன்பது. திரையில் மட்டும் படித்தால் இந்தச் செலவும் இல்லை, ஆனால் ஓரத்தில் எழுதாமல் இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்டோஃபெல் குறியீடுகளைக் கணிக்க விலையுள்ள மென்பொருளை வாங்காதீர்கள். மாக்சிமா, பைத்தானின் சிம்பை ஆகிய இலவச மென்பொருள்கள் ஐந்து பரிமாண மெட்ரிக்கைச் சிரமமின்றிக் கையாளும். முதல் முறை மட்டும் கையாலேயே போடுங்கள். நான் ஒரு தனியார் இணைய வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டினேன். ஆறு வாரத்தில் ஒரு சமன்பாடுகூட முழுமையாக வருவிக்கப்படவில்லை, கட்டணமும் திரும்பவில்லை. பெங்களூரில் உள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் தன் விரிவுரைகளை யூடியூபில் இலவசமாக வைத்திருப்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

9. இதற்கு அப்பால் போக விரும்பினால்

சென்னைப் பக்கம் இருப்பவர்கள் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கருத்தரங்க அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். முதுகலை முடித்து முழு நேரமாகப் படிக்க விரும்புவோர், இத்தாலியின் திரியெஸ்தே நகரில் உள்ள அப்துஸ் சலாம் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பைப் பாருங்கள். வளரும் நாடுகளின் மாணவர்களுக்கான அந்தப் படிப்பு உதவித்தொகையோடு நடக்கிறது. பரிந்துரைக் கடிதங்கள்தான் அங்கே தாமதத்துக்குக் காரணமாகும், ஆகவே ஆசிரியர்களிடம் இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

ஏதாவது எழுதிவிட்டால் அவசரப்பட்டு எங்கும் அனுப்பிவிடாதீர்கள். ஆர்க்கைவில் ஒரு பிரிவில் முதன்முறை பதிவேற்றுவோருக்கு, அப்பிரிவில் ஏற்கனவே எழுதிவரும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம். முன்பின் தெரியாத பேராசிரியருக்கு நாற்பது பக்கக் கோப்பை இணைத்து ஒப்புதல் கேட்டால் பதில் வராது; நான் கேட்ட ஆறு பேரில் ஒருவரும் எழுதவில்லை. ஏழாமவருக்கு, அவருடைய கட்டுரையின் ஒரு சமன்பாட்டில் இரண்டு பை விடுபட்டிருக்கிறதா என்று மூன்று வரியில், குறிமுறைத் தாளின் படத்தோடு கேட்டேன். மறுநாள் காலை பதில் வந்தது: விடுபடவில்லை, அவர் சுற்றளவை எடுத்திருந்தார்.